"அக்கா, மிஷின் மறுக்கா மக்கர் பண்ணுதுங்க": ஊசி, பாபின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவிநாசியில் வீட்டு முன்னறையிலேயே 15 வருடமாகத் தையல் வகுப்பு எடுக்கிறேன். படிக்க வருகிறவர்களைவிட, மிஷின் ஓட மாட்டேன் என்கிறது என்று போன் பண்ணுகிறவர்கள்தான் அதிகம். நோம்பி வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். புதுச் சீலைக்கு ஜாக்கெட் பாதியில் நிற்கும், மெக்கானிக் போனை எடுக்க மாட்டார். ஒரே பதிலை எத்தனை தரம் சொல்வது? அவரவர் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். காலால் மிதிக்கும் கறுப்பு மிஷின், அதற்கே மோட்டார் போட்டது, மேசையில் வைக்கும் சின்ன ஜிக்ஜாக் மிஷின் மூன்றுக்கும் பொருந்தும். கம்பெனி பவர் மிஷின் வேறு கதை.

"ஊசி மாட்டறதே குழப்பமா இருக்குதுங்க. தட்டைப் பக்கம் எங்க பார்த்து வரோணும்?"

ஊசியின் தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தட்டையாகச் சீவியிருக்கும். அதற்கு எதிர்ப் பக்கத்தில், தண்டிலிருந்து கண் வரைக்கும் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூல் அந்தப் பள்ளத்தில் இறங்கி, அதே பக்கமாகக் கண்ணுக்குள் நுழைந்து, தட்டைப் பக்கமாக வெளியே வர வேண்டும். தட்டைப் பக்கத்தில் கண்ணுக்குச் சற்று மேலே சின்னதாக ஒரு குழிவு இருக்கும். கீழே, அடி நூல் சுற்றிய பாபினைச் சுற்றி ஓடும் ஷட்டிலின் கொக்கி முனை நூலைக் கவ்வ வருவது அந்தக் குழிவுக்குள்தான். ஆகவே கொக்கி எந்தப் பக்கம் வருகிறதோ, தட்டை அந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.

மேசை மிஷின்களில் பெரும்பாலும் தட்டை பின்பக்கம் பார்த்திருக்கும். கறுப்பு மிஷினில் பக்கவாட்டில் இருக்கும். சந்தேகம் வந்தால் ஊசிக்குப் பக்கத்துச் சறுக்குத் தகட்டை நகர்த்திவிட்டு, வீலை உங்களை நோக்கி மெதுவாகச் சுற்றுங்கள், கொக்கி வரும் பக்கம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதைவிடச் சுலபம், பழைய ஊசியைக் கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்து வைப்பது. புது ஊசியை மேலே முட்டும் வரை தள்ளிவிட்டு அப்புறம் ஸ்க்ரூவை இறுக்குங்கள். துளி இறங்கி நின்றாலும் தையல் விழாது.

"11, 14, 16ன்னு நம்பர் போட்டிருக்குதுங்களே, எது எதுக்குங்க?"

பாக்கெட்டில் 90/14 என்று இரண்டு எண் இருக்கும். 90 என்றால் ஊசியின் பருமன் 0.9 மில்லிமீட்டர். 14 என்பது அதே அளவுக்குப் பழைய எண். அதே கணக்கில் 75/11, 100/16, 110/18.

மெல்லிய பட்டு, சிந்தெடிக் சீலைக்கு ஃபால்ஸ் வைக்க 11. லைனிங் ஜாக்கெட், சுடிதார், பாவாடை எல்லாவற்றுக்கும் 14. சென்னிமலை பெட்ஷீட்டுக்கு ஓரம் அடிக்க 16. ஜீன்ஸ், கட்டைப்பைக்கு 18. வீட்டில் எப்போதும் 11, 14, 16 மூன்றும் இருக்கட்டும். நூலை ஊசிக் கண்ணில் கோத்து, நூலைச் சாய்வாகப் பிடித்தால் ஊசி தானாக வழுக்கி இறங்க வேண்டும். சிக்கி நின்றால் நூல் தடிமன், அல்லது ஊசி சின்னது.

"ஊட்டுக்காரர் பனியன் கம்பெனில இருந்து ஊசி கொண்டாந்திருக்கறாருங்க. நம்ம மிஷினுக்குப் போடலாமுங்களா?"

திருப்பூர்ப் பக்கம் இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒன்று வரும். வேண்டாம். கம்பெனியில் நேர்த்தையல் பவர் மிஷினுக்குப் போடும் டிபி ஊசியின் தண்டு முழுக்க உருண்டை, கிட்டத்தட்ட 1.6 மில்லிமீட்டர். வீட்டு மிஷின் ஊசித் தண்டு 2 மில்லிமீட்டர், ஒரு பக்கம் தட்டை. நீளமும் வேறு. ஸ்க்ரூவை இறுக்கினால் டிபி ஊசி பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் கண் இருக்க வேண்டிய உயரத்தில் இருக்காது, கொக்கி நூலைப் பிடிக்காது. சில நேரம் கொக்கியிலேயே இடித்துவிடும். இலவசமாக வந்த ஊசியால் ஷட்டில் மாற்றியவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

டெய்லர் கடையில் ஓடும் பெரிய கறுப்பு மிஷின் சிலவற்றுக்கு உருண்டைத் தண்டு ஊசிதான் சரி. அதனால் எந்த மிஷினாக இருந்தாலும் கடைக்குப் பழைய ஊசியைக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

"ஊசி ஒடையற வரைக்கும் ஓட்டக் கூடாதுங்களா?"

ஓட்டலாம், துணியும் கெடும், மிஷினும் கெடும். பொதுவாக ஓர் ஊசிக்கு 8 மணி நேரத் தையல் என்பது கணக்கு. வீட்டில் அப்பப்போ தைக்கிறவர்கள் நாலைந்து ஜாக்கெட்டுக்கு ஒரு தரம் மாற்றினால் போதும். முனையை நகத்தின் மேல் லேசாக இழுத்துப் பாருங்கள், கீறல் விழுந்தால் முனை மழுங்கி மடங்கியிருக்கிறது. ஊசியை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் தட்டைப் பக்கம் கீழே வரும்படி வைத்தால் வளைந்திருப்பதும் தெரியும். தைக்கும்போது ஒவ்வொரு குத்துக்கும் "டக், டக்" என்று சத்தம் வந்தால் சோதனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஓர் ஊசியின் விலை ஒரு டீ விலைக்கு மேல் போகாது.

"அடியில நூல் கூடு கட்டிக்குதுங்க. பாபின்ல தானுங்களே கோளாறு?"

எல்லோரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். கூடு அடியில் இருப்பதால் பாபினைக் குற்றம் சொல்கிறோம். அந்தக் கூட்டைப் பிரித்துப் பாருங்கள், அதில் இருப்பது மேல் நூல். மேலே சிவப்பு, பாபினில் வெள்ளை போட்டு ஒரு தரம் ஓட்டினால் உங்களுக்கே புரியும்.

தையல் எப்படி விழுகிறது என்று தெரிந்தால் காரணம் பிடிபடும். ஊசி அடி வரைக்கும் இறங்கி, 2 மில்லிமீட்டர் அளவுக்கு மேலே ஏறும்போது நூல் தளர்ந்து ஒரு சின்ன வளையம் உண்டாகும். கொக்கி அந்த வளையத்தைக் கவ்வி, விரித்து, பாபினைச் சுற்றிப் போட்டுவிடும். மிச்ச நூலை மேலே இருக்கும் நூல் லீவர் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். கண் முனையில் இருக்கும் ஊசி, கீழே இரண்டாவது நூல் என்ற இந்த ஏற்பாட்டுக்கு எலியாஸ் ஹோ அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1846-ல். இன்றைக்கும் அதே சங்கதிதான். லீவர் இழுத்துக்கொள்ளவில்லை என்றாலோ, டென்ஷன் தட்டு நூலைப் பிடிக்கவில்லை என்றாலோ, மிச்ச நூல் எல்லாம் அடியிலேயே தங்கிக் கூடாகிறது.

செய்ய வேண்டியது: துணியை வெட்டி எடுத்துவிட்டு, மேல் நூலை முழுசாக உருவி, முதலில் இருந்து கோருங்கள். கோர்க்கும்போது துணியை அழுத்தும் கால் தூக்கியபடி இருக்க வேண்டும். கால் தூக்கினால்தான் டென்ஷன் தட்டுகள் விரிந்து நூல் நடுவில் உட்காரும். கால் இறங்கியிருக்கும்போது கோத்தால் நூல் தட்டுகளுக்கு மேலேயே தொத்திக்கொண்டு நிற்கும். கோத்தபின் காலை இறக்கி நூலை இழுங்கள், கெட்டியாக வர வேண்டும். தொளதொளவென்று வந்தால் மறுபடியும் கோருங்கள். லீவரின் ஓட்டையைத் தவற விடவில்லையே என்றும் பாருங்கள். கடைசியாக, இரண்டு நூல் முனைகளையும் நாலு அங்குலம் விட்டு, காலுக்கு அடியில் பின்பக்கம் தள்ளி, முதல் இரண்டு மூன்று தையலுக்கு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

"மேல் நூல் சும்மா சும்மா அத்துக்குதுங்க"

முதலில் மேலே சொன்ன மாதிரி நூலை மறுபடி கோருங்கள். அப்புறம் ஊசியை மாற்றுங்கள். மறுக்கா அறுந்தால் அறுந்த முனையைப் பாருங்கள். பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தால் எங்கோ உரசுகிறது: ஊசிக் கண்ணிலோ, ஊசி இறங்கும் தட்டின் துளை ஓரத்திலோ. ஊசி பலமுறை இடித்த தட்டில் துளை ஓரம் பிசிறு கிளம்பியிருக்கும், விரல் நுனிக்குத் தட்டுப்படும். மிக மெல்லிய உப்புத்தாளால் நைசாகத் தேய்த்தால் போய்விடும். சுத்தமாக வெட்டின மாதிரி அறுந்திருந்தால் டென்ஷன் இறுக்கம் அதிகம்.

மிதிக்கும் மிஷினில் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. மிதி தொடங்கும்போது வீல் ஒரு சுற்று எதிர்ப் பக்கம் போய்விடும், நூல் ஷட்டிலில் மாட்டி அறுந்துவிடும். வலது கையால் வீலை உங்கள் பக்கம் தள்ளிவிட்ட பிறகே மிதியுங்கள். என் வகுப்பில் முதல் வாரம் முழுக்க நூலே போடாமல் வெறும் காகிதத்தில்தான் மிதிக்க வைக்கிறேன். எல்லோரும் சலித்துக்கொள்வார்கள், ஆனாலும் நான் விடுவதில்லை.

"பாபின் சுத்துனா ஒரு பக்கமாவே குமிஞ்சுக்குதுங்க. சில நேரம் சுத்தவே மாட்டேங்குது"

ஒரு பக்கம் குமிகிறது என்றால் சுற்றும் நூல் அதற்குரிய சின்ன டென்ஷன் வழியாகப் போகவில்லை, நேராகக் கண்டிலிருந்து பாபினுக்குப் போகிறது. தொளதொளவென்று சுற்றின பாபின் தைக்கும்போது திக்கித் திக்கித்தான் நூலை விடும். விரலால் அமுக்கினால் கல் மாதிரி இருக்க வேண்டும். விளிம்பு வரை சுற்றாதீர்கள், ஒரு மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள். மிச்சமிருக்கும் பச்சை நூலின் மேலேயே நீலத்தைச் சுற்றுவதையும் நிறுத்துங்கள்.

சுற்றவே இல்லை என்றால், வீலில் உரசும் அந்தச் சின்ன ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். மிஷின் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

"பாபின் சுத்தி முடிச்சனுங்க. இப்ப வீல் மட்டும் சுத்துது, ஊசி அசையவே மாட்டேங்குது. போச்சுங்களா?"

ஒன்றும் போகவில்லை. பாபின் சுற்றும்போது ஊசி ஓடாமல் இருக்க, வீலின் நடுவில் இருக்கும் குமிழைத் தளர்த்தினீர்கள் அல்லவா, அதைத் திரும்ப இறுக்க மறந்துவிட்டீர்கள்.

"பாபினை எந்தப் பக்கம் பார்த்துக் கேஸுக்குள்ள போடறதுங்க?"

கழற்றி மாட்டும் கேஸ் உள்ள வீட்டு மிஷின்களில், கேஸின் திறந்த பக்கம் உங்களைப் பார்த்திருக்க, நூலை இழுத்தால் பாபின் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். மேலிருந்தே பாபினைப் போடும் மேசை மிஷின்களில் அதற்கு எதிர்த்திசை. நூல் பிளவுக்குள் நுழைந்து, தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் போய், அதன் ஓரத்தில் வெளியே வர வேண்டும். ஸ்பிரிங்குக்கு அடியில் போகாமல் மேலேயே வந்துவிட்டால் கீழ் நூலுக்குப் பிடிமானமே இருக்காது.

கேஸை ஷட்டிலில் வைக்கும்போது "க்ளிக்" என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராமல் ஓட்டினால் ஊசி கேஸின் மேலேயே குத்தி உடையும்.

"பாபின் நூல் மேலயே வர மாட்டேங்குதுங்க"

மேல் நூலின் முனையை இடது கையில் பிடித்துக்கொண்டு, வீலை உங்கள் பக்கமாக ஒரே ஒரு சுற்று சுற்றி, ஊசி மேலே வந்ததும் இழுங்கள். வளையமாகக் கீழ் நூல் ஏறி வரும். வரவில்லை என்றால் கீழ் நூல் முனை குட்டையாக விட்டிருப்பீர்கள், அல்லது ஊசி திருப்பி மாட்டியிருக்கும். அதற்கு முதல் கேள்வியைப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கொக்கியைச் சுற்றிப் பழைய நூல் துண்டு ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

"பாபின் கேஸ் ஸ்க்ரூவைத் திருகினா சரியாகும்னு பக்கத்து ஊட்டு அக்கா சொல்றாங்க. திருகட்டுங்களா?"

உடனே வேண்டாம். முன்பு சொன்ன சிவப்பு, வெள்ளை நூல் சோதனையைச் செய்யுங்கள். துணியின் மேல் பக்கம் வெள்ளை எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷன் இறுக்கம், அல்லது கீழே தளர்வு. அடிப் பக்கம் சிவப்பு தெரிந்தால் மேலே தளர்வு, அல்லது கீழே இறுக்கம். இரண்டு நூலும் துணியின் நடுவில் முடிச்சு விழுந்தால் சரி. முதலில் மேல் டென்ஷன் குமிழை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் கேஸை வெளியே எடுத்து, பாபின் நூலின் முனையைப் பிடித்துத் தொங்க விடுங்கள். கேஸ் சும்மா தொங்க வேண்டும். கையை லேசாக ஒரு உதறு உதறினால் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று தரைக்கு ஓடினால் தளர்வு, அசையவே இல்லை என்றால் இறுக்கம். அப்போதும் ஸ்க்ரூவுக்குப் போகும் முன், ஒரு காகித ஓரத்தை ஸ்பிரிங்குக்கு அடியில் விட்டு இழுங்கள். அங்கே ஒரு நூல் பஞ்சு சிக்கியிருந்தாலே இத்தனை ஆட்டம் காட்டும். அப்புறமும் வேண்டுமென்றால், கேஸில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவில் பெரியதை மட்டும், கடிகாரத்தில் 5 நிமிடம் நகரும் அளவுக்குத் திருகுங்கள். வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் வைத்துச் செய்யுங்கள். அந்த ஸ்க்ரூ கீழே விழுந்தால் கிடைப்பது கஷ்டம்.

"மத்த துணியெல்லாம் நல்லாத் தைக்குது. பனியன் துணியில மட்டும் தையல் உட்டு உட்டு உழுகுதுங்க"

கிலோ கணக்கில் வாங்கி வந்த பனியன் கட்பீஸில் குழந்தைக்கு உடுப்புத் தைக்கிறவர்கள் கேட்பது. துணி இழுபடுவதால், நாம் பார்த்த அந்த நூல் வளையம் சரியாக உருவாகாமல் கொக்கிக்குத் தப்பிவிடுகிறது. கூர்முனை ஊசி பின்னல் இழையையே வெட்டிவிடும். இரண்டு தரம் துவைத்ததும் ஓட்டை ஓட்டையாக விரியும். இதற்குப் பால் பாயிண்ட் ஊசி என்று தனியாக இருக்கிறது, முனை உருண்டையாக இருக்கும், இழையைக் குத்தாமல் ஒதுக்கிவிட்டு இறங்கும். வீட்டு மிஷினுக்கான தட்டைத் தண்டில் 11 அல்லது 14 கேட்டு வாங்குங்கள்.

துணியை முன்னாலும் பின்னாலும் பிடித்து இழுக்காதீர்கள். மேசை மிஷினாக இருந்தால் குறுகலான ஜிக்ஜாக் வையுங்கள், நேர்த்தையல் இழுத்தவுடன் தெறித்துவிடும்.

"பவானி ஜமுக்காளத்துல பை தைக்கறனுங்க. மடிப்பு வந்தா ஊசி ஒடஞ்சு போகுது"

18 ஊசி போட்டு, தடித்த இடம் வந்ததும் மிதிப்பதை நிறுத்தி, வீலைக் கையால் சுற்றிக் கடந்துவிடுங்கள். துணியை அழுத்தும் கால் மேட்டில் ஏறும்போது சாய்ந்துவிடும். பின்பக்கம் அதே உயரத்துக்கு மடித்த துணி ஒன்றை முட்டுக் கொடுத்தால் சமமாக நிற்கும். துணியை இழுப்பதுதான் ஊசி உடைவதற்கு முதல் காரணம். நகர்த்துவது துணிக்கு அடியில் இருக்கும் பல்லின் வேலை, நம் கை வழிகாட்டினால் போதும். ஜமுக்காளத்தின் நாலு மடிப்பு, ஐந்து மடிப்பை வீட்டு மிஷினில் தைக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைப் பை தைக்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

உடைந்த ஊசியின் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து முழு ஊசி ஆகிறதா என்று பாருங்கள். ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். அங்கே உடைந்த துண்டு எல்லாவற்றையும் ஒப்படைத்தால்தான் புது ஊசி கையில் வரும். துண்டு துணியில் இருந்தால் போடுகிறவரைக் குத்தும், ஷட்டிலில் இருந்தால் மிஷினை அரைக்கும். ஒரு காந்தத் துண்டு பக்கத்தில் இருக்கட்டும்.

"மிஷினுக்குத் தேங்காய் எண்ணெய் உடலாமுங்களா?"

தலைக்கு வையுங்கள், மிஷினுக்கு வேண்டாம். மார்கழிக் காலையில் பாட்டிலில் எண்ணெய் உறைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், மிஷினுக்குள்ளும் அதேதான். நாளாக நாளாகப் பிசினாகிப் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். மிஷின் எண்ணெய் என்று தண்ணீர் மாதிரி தெளிவாக விற்பதை வாங்கி, ஷட்டில் ஓடும் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். அதற்கு முன் பிரஷ்ஷால் பஞ்சை எடுங்கள், பல்லுக்கு அடியில் மெத்தை மாதிரி அமுங்கிக் கிடக்கும். வாயால் ஊதினால் ஈரம் போய்த் துருப்பிடிக்கும். எண்ணெய் விட்டபின் பழைய துணியில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுத்தான் நல்ல துணியை வைக்க வேண்டும்.

"கம்பெனியில மிச்சமான கோன் நூல் போட்டா ஏனுங்க அத்துக்குது?"

எல்லாக் கோனும் ஒன்றல்ல. ஓவர்லாக்குக்கு வரும் புசுபுசு நூல் நேர்த்தையலுக்கு ஆகாது. நல்ல நூலாகவே இருந்தாலும், கோனை மிஷின் தலையில் கவிழ்த்தால் சிக்கும். மிஷினுக்குப் பின்னால் கீழே நிறுத்தி, நூல் நேராக மேலே ஏறி வருகிற மாதிரி ஒரு கம்பி வளையம் கட்டிக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் வெயிலில் கிடந்த கோன் என்றால் ஒரு முழம் எடுத்து வெடுக்கென்று இழுங்கள், பொட்டென்று அறுந்தால் பூச்சரம் கட்டக்கூட உதவாது.

"மூணு வருஷமா மூடி வெச்ச மிஷினுங்க. இப்ப ஓட்டலாமுங்களா?"

ஓட்டும் முன் ஊசி, பாபின், நூல் மூன்றையும் கழற்றிவிடுங்கள். பஞ்சு எடுத்து, எண்ணெய் ஓட்டைகள் எல்லாவற்றிலும் இரண்டு சொட்டு விட்டு, கையால் வீலைச் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் பலவந்தம் வேண்டாம், ஒரு ராத்திரி ஊற விடுங்கள். பழைய பாபின் துருப்பிடித்திருந்தால் தூக்கிப் போடுங்கள். அப்புறம் புது ஊசி, புது நூலோடு தொடங்குங்கள்.

"நீங்க சொன்னதெல்லாம் பண்ணியாச்சுங்க. மெக்கானிக் டைமிங் போச்சுங்கறாரு. நெசமுங்களா?"

இருக்கலாம். ஊசி இரும்பில் பலமாக இடித்த பிறகு தையலே விழாமல் போனால் டைமிங், அதாவது ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரம், நகர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. நீங்களே பார்க்கலாம்: புது ஊசி மாட்டி, ஊசி இறங்கும் தட்டைக் கழற்றி, வீலை மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி அடியிலிருந்து கொஞ்சம் ஏறும்போது கொக்கி முனை கண்ணுக்குச் சற்று மேலே, அந்தக் குழிவை ஒட்டிக் கடக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே கடந்தாலோ, ஊசி ஏறிப்போன பிறகு வந்தாலோ அவர் சொல்வது சரி. அதைச் சரிபண்ணுவது அவர் வேலை, நாம் கை வைக்க வேண்டாம்.

ஆனால் நேற்று வரை நன்றாகத் தைத்து, எதுவும் இடிக்காமல், ஊசி மாற்றியதும் நின்ற மிஷினுக்கு டைமிங் போயிருக்காது, ஊசியைத்தான் தப்பாக மாட்டியிருப்பீர்கள். மெக்கானிக்கிடம் போகும்போது மிஷினோடு பாபின் கேஸ், நீங்கள் போடும் நூல், தப்பாக விழுந்த தையலோடு ஒரு துண்டுத் துணி மூன்றையும் எடுத்துப் போங்கள். அவர் தன் நூலையும் துணியையும் போட்டு ஓட்டிக் காட்டினால் மிஷின் நன்றாகத்தான் தைக்கும்.